விதிநூலும் நடுவரும்: எளிய ஆட்டத்தின் பக்கம் நின்று சில குறிப்புகள்

'இந்த வயசுல பகடை உருட்டிக்கிட்டு...' என்று தோழர் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையைச் சேர்ந்து உருவாக்கும்போது, 'முடியும்', 'முடியாது' என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அற்பமானதாக எனக்குப் படவில்லை.

பாத்திரமேற்று ஆடும் இந்த ஆட்டத்தில் ஒருவர் நடுவர். அவர் இடத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பகடை. இதன் முதல் அச்சு வடிவம், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் எழுதி 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். குழப்பமான எழுத்து, ஏகப்பட்ட ஓட்டைகள். எனக்கு அந்த ஓட்டைகள்தான் பிடிக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பெட்டியில் மனிதப் பாத்திரங்கள் மூன்றே வகை: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. 1975இல் வந்த 'கிரேஹாக்' இணைப்புநூல் நான்காவதாகத் திருடனைச் சேர்த்தது. பூட்டைத் திறக்க, பொறியை அகற்ற, சத்தமில்லாமல் நடக்க அவனுக்குச் சதவீத அட்டவணை. பார்வைக்கு இது கூடுதல் வசதி. ஆனால் அதுவரை பொறியைச் சமாளிப்பது மேசையில் இருந்த எல்லாருடைய வேலையாகவும் இருந்தது. அட்டவணை வந்ததும் அது ஒருவனுடைய தொழிலாகிவிட்டது. மற்றவர் கை வைத்தால், 'உன் தாள்ல அது இல்லியே' என்ற பதில். ஒரு திறமைக்குப் பெயரும் எண்ணும் கொடுக்கும்போது, அது இல்லாதவர்கள் என்று ஒரு கூட்டமும் சேர்ந்தே உற்பத்தியாகிறது.

நான் ஆடிய ஓர் ஆட்டத்தில் ஒரு பெட்டி வந்தது. மூடியைத் திறந்தால் ஏதோ நடக்கும் என்று தெரியும். என்ன என்று தெரியாது. எங்களில் திருடன் யாரும் இல்லை. அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், 'அதைக் கவுத்துப் போட்டு அடிப்பலகையைப் பேத்தா என்ன?' என்றார். நடுவர் யோசித்து, சரி என்றார். எந்த விதிநூலிலும் அந்த வாக்கியம் இல்லை. தடித்த விதிநூலோடு ஆடியிருந்தால் அவர் தன் தாளைப் பார்த்துவிட்டு, அதில் எதுவும் இல்லை என்று மறுபடி மௌனமாகியிருப்பார்.

விதி பெருத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1977 முதல் 1979 வரை வந்த 'அட்வான்ஸ்டு' நூல்களில் கைகாக்ஸ் வலியுறுத்தியது, எல்லா மேசையிலும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்பதை. அந்த நூல்களுக்கான ராயல்டி கேட்டு ஆர்ன்சன் 1979இல் வழக்குப் போட்டார். 1981இல் சமரசம் ஆனது. ஒரே மாதிரி ஆட வேண்டும் என்ற குரலும், இந்த ஆட்டம் யாருடையது என்ற சண்டையும் ஒரே காலத்தில் எழுந்தவை.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. பழைய பாணியின் இன்றைய ரசிகர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். விதி வேண்டாம், நடுவரின் தீர்ப்பு போதும் என்கிறார்கள். இந்த யோசனையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்கணும். ரெய்ஸ்விட்ஸ் 1824இல் பிரஷ்ய ராணுவத்துக்கு அட்டவணையும் பகடையுமாக ஒரு போர் ஆட்டம் அமைத்தார். விதிகள் சுமையானபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை வைத்தே ஆடலாம் என்றார். அந்த நடுவர் ஒரு ராணுவ அதிகாரி. நாம் சுதந்திரம் என்று கொண்டாடுவதற்கு இப்படியும் ஒரு மூதாதை உண்டு. விதியில்லாத இடம் நாட்டாமை உட்காரும் இடமாகவும் ஆகலாம்.

இன்னொன்று. 1978ஆம் ஆண்டின் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்', பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. 1989இன் இரண்டாம் பதிப்பில் அது நீங்கியது. அச்சில் இருந்ததால் அதைப் பக்கம் சொல்லிக் காட்ட முடியும், அடிக்க முடியும். நடுவரின் மனசுக்குள் இருக்கிற 'பொம்பளைக்கு இது வராது' என்பதை எந்தப் பக்கத்தில் காட்டுவது?

ஆகவே என் தேர்வு விதியின்மை இல்லை, சின்ன விதி. டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டின் அடிப்படை நூல் 64 பக்கம். விதியில் இல்லாத செயலுக்கு அதில் ஒரு யோசனை: இருபது முகப் பகடையை உருட்டு, உன் பாத்திரத்தின் பொருத்தமான பண்பெண்ணைத் தாண்டாவிட்டால் ஜெயம். மேசையில் எல்லாருக்கும் மனப்பாடமாகும் அளவு விதி. நடுவர் தவறினால் கடைசி நாற்காலியில் இருப்பவர்கூட, 'இது ஞாயமா?' என்று கேட்கலாம்.

நூறு பக்கம் படித்தவர் மட்டுமே வாதாடக்கூடிய ஆட்டமும் வேண்டாம், யாருமே வாதாட முடியாத ஆட்டமும் வேண்டாம். பெட்டியைக் கவிழ்க்கச் சொன்ன பெண் அடுத்த வாரம் நடுவரானார். எங்கள் விதிகள் மொத்தமும் நாலே பக்கம், கையெழுத்தில். அவர் அவற்றைப் படித்துவிட்டு, இரண்டை அடித்துவிட்டார்.