விளக்கைப் பேசினார்கள், வேலைக்காரியைப் பேசவில்லை

சீனச் சமூகமும் பண்பாடும் என்று தலைப்புப் போட்டு மூன்று நாள் படம் காட்டினார்கள். முதல் நாள் ஜாங் யிமூவின் 'ரெய்ஸ் த ரெட் லேன்டன்' (1991). படம் முடிந்ததும் கருத்துரை. சிவப்பு நிறம், கன்ஃபூசியக் குடும்பம், நாலு மனைவிகளின் துயரம் என்று ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. யான்எர் பேர் ஒரு தடவைகூட வரவில்லை.

யாரு இந்த யான்எர்? அந்த வீட்டு வேலைக்காரி. எஜமான் எந்த மனைவியோடு அன்றிரவு தங்குகிறானோ அவள் முற்றத்தில் விளக்கு ஏற்றுவார்கள். யான்எர் கழித்துப்போட்ட பழைய விளக்குகளை ஒளித்துவைத்துத் தன் அறையில் ஏற்றிக்கொள்கிறாள். அவளும் ஒரு மனைவியாக ஆசைப்பட்டாள், அதுதான் குற்றம். காட்டிக்கொடுப்பது யார்? பல்கலைக்கழகம்வரை போய், அப்பா செத்ததால் படிப்பை விட்டு நாலாவது மனைவியாக வந்த சோங்லியன். விளக்குகளைப் பனியில் கொட்டி எரிக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டால் எழுந்திருக்கலாம் என்கிறார்கள். யான்எர் கேட்கவில்லை. பனியிலேயே மண்டியிட்டுக் கிடக்கிறாள். நோய் கண்டு செத்துப்போகிறாள்.

அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புரிந்துகொள்ள இதைவிடக் காட்சி வேண்டுமா? மேலேயிருந்து வாங்கின அடியைக் கீழே இருக்கிறவள்மேல் இறக்குவது. சோங்லியனுக்காகக் கண்கலங்கிய அரங்கம், மன்னிப்புக் கேட்க மறுத்தவளைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று. அந்த விளக்குச் சடங்கைத் தொன்மையான சீன வழக்கம் என்று விளக்கினார்கள். படத்துக்கு மூலமான சூ தோங்கின் குறுநாவலில் அது கிடையாது. படத்துக்காக உண்டாக்கியது. இல்லாத சடங்குக்கு இவ்வளவு விரிவுரை, இருக்கிற வேலைக்காரிக்கு ஒரு வாக்கியம் இல்லை. 'பண்பாடு' என்ற சொல் யாரை மறைக்கப் பயன்படுகிறது என்பது இங்கேயே தெரிகிறது.

மூன்றாம் நாள் ஜியா ஜாங்கேயின் 'ஸ்டில் லைஃப்' (2006). வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக ஃபெங்ஜியே ஊர் மூழ்கப்போகிறது. கூலியாட்கள் சுத்தியலால் வீடுகளை உடைக்கிறார்கள். பதினாறு வருஷத்துக்கு முன் பிரிந்த மனைவியைத் தேடி ஷான்ஸியிலிருந்து ஒரு சுரங்கத் தொழிலாளி வருகிறான். அவளோ அண்ணன் பட்ட கடனுக்காகப் படகில் உழைத்துக்கொண்டிருக்கிறாள். கூட வேலை செய்த இளைஞனைக் காணோம் என்று போன் போடுகிறான். செங்கல் குவியலுக்குள்ளிருந்து மணி அடிக்கிறது. அதற்குமேல் இயக்குநர் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தப் படத்துக்குத்தான் பேச்சு தேவைப்பட்டது. ஊர்விட்டு ஊர்போகும் சீனக் கூலி எந்தச் சட்டத்துக்குள் வாழ்கிறான் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். 1958லிருந்து அங்கே ஹூகோ என்னும் குடும்பப் பதிவு முறை இருக்கிறது. கிராமமா நகரமா என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. 1998வரை அது தாய்வழியே பிள்ளைக்கு இறங்கியது. நகரத்தைக் கட்டுகிறவனுக்கு நகரத்தின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் உரிமை இல்லாமல் போனது. 2003இல் குவாங்ஜோவில் தற்காலிக அனுமதிச்சீட்டு கையில் இல்லை என்று பிடித்துவைக்கப்பட்ட சுன் ஜிகாங் என்ற இளைஞர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். மக்கள் கொதித்தபிறகுதான் அந்தப் பிடித்துவைக்கும் முறையை அதே ஆண்டு கைவிட்டார்கள்.

இது சாதி அல்ல. தீண்டாமை அல்ல. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் பிறப்பை வைத்து மனுசனைப் பிரித்துவிட்டு அவன் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. புரட்சி நடந்த நாட்டிலும் அது எப்படிச் சட்டமாக முடிந்தது? இடதுசாரித் தோழர்களும் அரங்கில் இருந்தார்கள். அவர்களும் கேட்கவில்லை.

பெய்ஜிங் சுயாதீனத் திரைப்பட விழாவை 2014இல் நடக்கவிடாமல் தடுத்து, சேர்த்துவைத்த படங்களையும் அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே திரையைக் கட்டுவதற்கே பயப்பட வேண்டியிருக்கிறது. நாம் தடையில்லாமல் திரையைக் கட்டிவிட்டு விளக்கின் அழகைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை படம் போடுகிற தோழர்களுக்கு ஒன்று. கருத்துரையை யான்எரிடமிருந்து தொடங்குங்கள். அப்புறம் கன்ஃபூசியஸ் வரட்டும்.