பிறக்குமுன் விதிக்கப்பட்ட கடன்: ஒரு நாவலும் அதன் முடிவும்

நோயுற்ற பிள்ளையைக் காக்கவென இன்னொரு பிள்ளையைப் பெறலாமா என்னும் வினா முற்றிலும் புதியதன்று. முன்னர், பிறக்கும் குழந்தையின் இழையம் பொருந்துமா என்று பெற்றோர் காத்திருந்தனர். இன்று கருப்பைக்கு வெளியே முளையங்களைச் சோதித்துப் பொருந்துவதைத் தெரிவுசெய்ய இயலும். அவ்வாறு தெரிவான முதற் குழந்தை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தது. ஜோடி பிக்கோ 2004இல் வெளியிட்ட 'மை சிஸ்டர்ஸ் கீப்பர்' நாவல் இந்நிகழ்ச்சியைத் தொண்ணூறுகளின் தொடக்கத்திற்கே முன்தள்ளிவிடுகிறது. இக்காலவழுவை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

கேற் குருதிப் புற்றுநோயாளி. அவளுக்குப் பொருந்தும் வகையில் தெரிவுசெய்யப்பட்டவள் தங்கை அன்னா. பிறந்தவுடன் தொப்புள்கொடிக் குருதி, பின்னர் வெண்குருதிக் கலங்கள், என்பு மச்சை என்று அவளிடமிருந்து பெறப்படுகின்றன. பதின்மூன்று வயதில் சிறுநீரகமும் கேட்கப்படவே, தன் உடல் பற்றிய முடிவுரிமை கோரி அவள் பெற்றோர்மீது வழக்குத் தொடுக்கிறாள்.

தாய் சாராவைக் கொடியவளாக்காமை நாவலின் வலிமை. அவள் முன்னாற் சாகக்கிடப்பவள் கண்ணுக்குத் தெரியும் மகள். மற்றவளோ, தீர்மானம் எடுக்கப்பட்டபோது இன்னும் உருப்பெறாதவள். இல்லாத ஒருத்தியிடம் சம்மதம் கேட்பது எவ்வாறு? பிறந்த பின்னும் அச்சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதிலேதான் சாராவின் தவறு தொடங்குகிறது. கருவைத் தெரிவுசெய்த ஒரு நாட் செயல், பதின்மூன்று ஆண்டுப் பழக்கமாக இறுகிவிடுகிறது. பிரித்தானியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இங்கு நினைவுகூரத்தக்கது. கொடிய நோயுற்ற உடன்பிறப்புக்காக முளையத்தைத் தெரிவுசெய்ய அது இடமளிக்கிறது. ஆனால் முழு உறுப்பொன்றைப் பெறும் நோக்கத்துக்கு இடமளிக்கவில்லை. அன்னா மறுத்து நிற்கும் எல்லையும் சிறுநீரகமே.

பாத்திரங்கள் மாறிமாறித் தம் கதையைக் கூறும் இந்நாவலில், கேற் தன் பெயரில் பேசுவது இறுதிப் பகுதியில் மட்டுமே. யாருக்காக எல்லாம் நடைபெறுகிறதோ அவளுடைய விருப்பத்தையும் எவரும் கேட்கவில்லை. வழக்கைத் தொடுக்குமாறு அன்னாவைத் தூண்டியவள் கேற்தான் என்பது நீதிமன்றில் வெளிப்படும்போது, கொடுப்பவளும் பெறுபவளும் ஒரே நிலையிலே வைக்கப்பட்டிருந்தமை புலனாகிறது. நாவலின் உச்சம் இதுவே என்பது எமது கருத்து.

ஆயின் ஆசிரியர் அந்த உச்சத்தைத் தாங்கிக்கொள்ளவில்லை. அன்னா வழக்கில் வெல்கிறாள். அன்றே வீதி விபத்தில் மூளைச்சாவடைகிறாள். அவளது மருத்துவ முடிவுகளுக்கான அதிகாரம் நீதிமன்றினால் வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் சம்மதிக்க, சிறுநீரகம் கேற்றுக்குச் செல்கிறது. அன்னா போராடிப் பெற்ற உரிமை, அவள் பேசவியலாத வேளையில், மற்றொருவர் கையால், அவள் எதிர்த்து வழக்காடிய அதே காரியத்துக்குப் பயன்படுகிறது. ஆசிரியர் இதனை அவலச்சுவையாக உணர்த்த விரும்பினார் போலும். எமக்கோ இது வினாவை விட்டுத் தப்பியோடும் வழியாகவே படுகிறது. 2009இல் நிக் கசவற்றிஸ் இயக்கிய திரைப்படம் முடிவைத் தலைகீழாக்கிக் கேற்றைச் சாகவிடுகிறது. அதுவும் வேறொரு தப்புதலே. இருவரும் உயிரோடிருக்க, ஒருத்தி 'தரமாட்டேன்' என்று கூறிய பின் மறுநாட் காலையில் அவ்வீட்டார் ஒரே மேசையில் எவ்வாறு உணவருந்துவர்? அக்காட்சியை நாவலும் எழுதவில்லை, திரைப்படமும் காட்டவில்லை.