கட் பண்ணா பொன்முடி

சினிமாவுக்குக் கதை சொல்பவர்களின் மூலமந்திரம், ‘கட் பண்ணா’. பையன் ரயிலேறுகிறான், கட் பண்ணா, பம்பாய். குழந்தை மூணு சக்கர சைக்கிள் ஓட்டுகிறது. கட் பண்ணா, புல்லட்டில் ஹீரோ. நடுவில் இருபது வருஷம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ரசனை கெட்டவன் என்பார்கள்.

ஹாலிவுட் இதே மந்திரத்தைத் தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகப் பெண்களின் தலையில் பிரயோகித்து வருகிறது. பழுப்பு முடிக்காரி பார்லருக்குள் நுழைகிறாள். கட் பண்ணா, பொன்முடி. அதுவும் நீளமாக, பளபளப்பாக, காற்றில் அலைபாய்கிற பொன்முடி. அந்த ஃப்ரேமைச் செல்போனில் சேமித்துக்கொண்டு போய், ‘இதே மாதிரி, இன்னிக்கே வேணும்’ என்று கேட்கிறவர்கள் உண்டு. பார்லரில் ‘கட்’ என்றால் கத்தரி மட்டும்தான்.

நடிப்பு, இசை, ஒளிப்பதிவு பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதியாயிற்று. நாம் தலைமுடியை மட்டும் கவனித்துச் சில படங்களைப் பார்க்கலாம்.

முதலில் ‘பிளாட்டினம் பிளாண்ட்’ (1931). இயக்கம் ஃப்ராங்க் காப்ரா. பத்திரிகை நிருபன் ஒருவன் பணக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மாளிகையில் மூச்சுத் திணறி, கடைசியில் கூட வேலை பார்த்த காலகர் என்கிற பெண்ணிடம் திரும்புகிறான். கதைப்படி நாயகி காலகர்தான். படத்துக்கும் முதலில் ‘காலகர்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால், பணக்காரப் பெண்ணாக நடித்த ஜீன் ஹார்லோவின் வெள்ளிவெளுப்பு முடிக்கு அப்போது பயங்கர மவுசு. டைட்டிலை அது தட்டிக்கொண்டு போய்விட்டது. ஹார்லோவுக்குச் சீமாட்டி வேஷம் பொருந்தவும் இல்லை. அவருடையது வாயாடிக் குரல். ‘பாம்ஷெல்’ (1933) பார்த்தால் தெரியும், எவ்வளவு நல்ல காமெடி நடிகை என்று. இந்தப் படத்தில் முடியைக் காட்டுவதற்காகவே அங்கங்கே நிற்க வைத்திருக்கிறார்கள்.

அந்த முடிக்கு என்ன விலை? சாயமே போடுவதில்லை என்று சாதித்தார் ஹார்லோ. பெராக்சைடு, அம்மோனியா, துணி வெளுக்கும் க்ளோராக்ஸ், லக்ஸ் சோப்புத் துகள் எல்லாம் கலந்து பூசியதாக அவருடைய சிகை அலங்காரக்காரர் பிற்பாடு சொன்னார் என்று ஒரு செய்முறை உலவுகிறது. அம்மோனியாவும் க்ளோராக்ஸும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். பாத்ரூம் கழுவக்கூட இரண்டையும் சேர்க்காதீர்கள். செய்முறை பாதி கற்பனையாக இருந்தாலும், விளைவு கற்பனை இல்லை. ஹார்லோவின் முடி பாழாகி, பிற்காலப் படங்களில் விக் வைத்து நடித்தார். 1937ல், 26 வயதில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, சாயம்தான் ஆளைக் கொன்றது என்று வதந்தி கிளம்பியது. அது தப்பு. சாயம் கொன்றது முடியை.

எப்படிக் கொல்கிறது? கொஞ்சம் கெமிஸ்ட்ரி, பொறுத்துக்கொள்ளுங்கள். முடியின் நிறம் உள்ளேயிருக்கும் மெலனினில் இருக்கிறது. மேலே நாட்டு ஓட்டுக்கூரை மாதிரி செதில் அடுக்கு. ப்ளீச்சில் உள்ள காரம் அந்த ஓடுகளைக் கிளப்ப, பெராக்சைடு உள்ளே போய் மெலனினைச் சிதைக்கிறது. கறுப்பு நேராகப் பொன்னாகாது. செம்பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி வெளிர்மஞ்சள் வந்ததும் நிறுத்தி, மிச்ச மஞ்சளை ஊதா டோனர் போட்டு அடக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பெராக்சைடுக்கு மெலனின் மட்டும்தான் இலக்கு என்று தெரியாது. முடிக்கு வலுவைத் தருகிற கந்தகப் பிணைப்புகளையும் ஒரு கை பார்த்துவிடும். ஓட்டின் மேல் இயற்கை பூசிவைத்த கொழுப்புப் படலமும் போய்விடும். அப்புறம் முடி தண்ணீரைக் குடிக்கும், சிக்கு விழும், ஈரத்தில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு அறுந்துவிடும். தோலில் காயம் பட்டால் ஆறும். முடிக்கு உயிரில்லை, ஆறாது. பாட்டிலில் ‘ரிப்பேர்’ என்று போட்டிருப்பதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலைதான்.

இத்துடன் ஒரு சின்னக் கணக்கு. முடி மாசத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயசு ஐந்து. ஐந்து வருஷ வெயில், ஷாம்பூ, சீப்பு, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் பார்த்த கிழம் அது. வேர்ப்பக்கம் போன மாசம் பிறந்த குழந்தை. இரண்டையும் ஒரே கிண்ணத்து மருந்தில் முக்கினால் குழந்தை தப்பிக்கும், கிழம் போய்ச் சேரும். நீளமான முடியில் பொன்னிறம் கஷ்டம் என்பதன் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கை ஆர்சன் வெல்ஸ் கத்தரியால் தீர்த்தார். ரீட்டா ஹேவர்த்தின் பிறவிப் பெயர் மார்கரீட்டா கான்சினோ, பிறவி நிறம் கருங்கூந்தல். கொலம்பியா ஸ்டுடியோவில் அவரைச் செம்முடிக்காரியாக்கினார்கள். நெற்றியில் முடி துவங்கும் கோட்டைக்கூட மின்சாரத்தால் பொசுக்கி மேலே ஏற்றினார்கள். ‘கில்டா’வில் (1946) அந்த நீளக் கூந்தலை ஓர் உதறு உதறியபடி ஃப்ரேமுக்குள் வருவார் பாருங்கள், கறுப்பு வெள்ளைப் படத்திலேயே சிவப்பு தெரியும்! அப்போது கணவராக இருந்த வெல்ஸ், ‘தி லேடி ஃப்ரம் ஷாங்காய்’ படத்துக்காக அதைக் கட்டையாக வெட்டி வெளுக்க வைத்தார். ஸ்டுடியோ முதலாளி ஹாரி கோன் கொதித்துப் போனார். படம் 1948ல் அமெரிக்காவில் வெளியாகிப் படுத்துவிட்டது. இன்றைக்கு அதன் கண்ணாடி மண்டப க்ளைமாக்ஸைச் சினிமாப் பள்ளிகளில் பாடமாகப் பார்க்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தில் அந்தக் காட்சிக்கு அந்த முடிதான் சரி. கறுப்பை மறைத்த சிவப்பு, சிவப்பை மறைத்த பொன். இத்தனை கண்ணாடியில் எது நிஜமான எல்ஸா என்று தெரியாமல் சுடுகிறார்கள். அந்தத் தலையிலும் எது நிஜம் என்று தெரியாது. கெமிஸ்ட்ரிப்படியும் வெல்ஸ் செய்தது புத்திசாலித்தனம். வருஷக்கணக்காகச் சாயம் ஏறிய நீளமுடியை வெளுப்பதைவிட, வெட்டிவிட்டு வெளுப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது ‘வெர்ட்டிகோ’ (1958). செத்துப்போன மேடலினின் ஜாடையை ஜூடி என்கிற கடைச் சிப்பந்தியிடம் காண்கிறான் ஸ்காட்டி. மேடலின் போட்டிருந்த மாதிரியே சாம்பல் நிற உடை வாங்கித் தருகிறான், ஷூ வாங்கித் தருகிறான். கடைசியில் தலைமுடி. அவள் வேண்டாம் என்கிறாள். உனக்கென்ன, இது ஒரு விஷயமா என்கிற தோரணையில் கேட்கிறான். பார்லரில் நகம், முகம் என்று நமக்குத் துண்டு துண்டாக ஏதோ காட்டுகிறார்கள். கட் பண்ணா, செம்பழுப்பு முடி பொன்னாகிவிட்டது. அதுவும் போதாமல், பின்னால் தூக்கிக் கட்டு என்கிறான். கட்டிக்கொண்டு பச்சை நியான் வெளிச்சத்தில் அவள் நடந்து வருவது, சினிமாவிலேயே மிக அழகான, மிகக் குரூரமான காட்சிகளில் ஒன்று.

ஹிட்ச்காக்குக்கு இது வன்முறை என்று தெரியும். ஜூடி கெஞ்சும்போது அவள் முகத்தைத்தான் காட்டுகிறார். ஆனால் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த அந்தச் சில மணி நேரத்தை ஸ்காட்டியோடு சேர்ந்து நாமும் தாண்டிவிடுகிறோம். மண்டை எரிந்ததா, எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தாளா, தெரியாது. படத்தின் ஒரே குறை என்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்.

அந்த மாதிரி நேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட படம், யாரும் பெரிசாக மதிக்காத ‘லீகலி பிளாண்ட்’ (2001). ரீஸ் விதர்ஸ்பூன் நடித்த எல் வுட்ஸ், நீளப் பொன்முடியும் ரோஸ் கலர் உடையுமாக ஹார்வர்டில் சட்டம் படிக்கப் போகிறாள். பொன்முடி என்றால் மண்டை காலி என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். ஆரம்பத்திலேயே துணிக்கடைக்காரி ஏமாற்றப் பார்க்க, துணியைப் பற்றி ஒரே கேள்வி கேட்டு மடக்குகிறாள். ஒன்றரை மணி நேரப் படத்தின் விதை அங்கே இருக்கிறது.

க்ளைமாக்ஸ், கோர்ட். கொலையானவரின் மகள் கூண்டில். பெயர் சட்னி (சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்). அன்று காலை பெர்ம் பண்ணிக்கொண்டு வந்து ஷவரில் குளித்துக்கொண்டிருந்தேன், அதனால் துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை என்கிறாள். எல் பிடித்துக்கொள்கிறாள். பெர்ம் பண்ணி 24 மணி நேரத்துக்குத் தலையை நனைக்கக் கூடாது, நனைத்தால் அம்மோனியம் தயோகிளைகோலேட் வேலை செய்யாது. உன் சுருள் கலையவே இல்லையே? சட்னி நொறுங்குகிறாள். கேஸ் முடிந்தது.

இதில் ஒரு ஓட்டை. தயோகிளைகோலேட் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கிற மருந்து. அதைப் பார்லரிலேயே அலசிவிட்டு, மேலே பெராக்சைடு விட்டு முடியைப் புது வளைவில் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் செயலிழக்க அங்கே தயோகிளைகோலேட் ஏது? ஒரு நாள் நனைக்காதே என்று பார்லர்களில் சொல்வது வாஸ்தவம். எல் சொன்ன காரணம்தான் இடிக்கிறது. அரசு வக்கீல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியாக இருந்திருந்தால் எழுந்து ஆட்சேபித்திருப்பார்.

ஆனாலும் எனக்கு இந்தப் படத்தின் மேல் மரியாதை. சட்னி தன் வாக்குமூலத்தில் ‘கட் பண்ணா, ஷவர்’ என்றாள். நடுவில் போகவேண்டிய 24 மணி நேரம் எங்கே என்று கேட்டாள் எல். தலைமுடி பற்றிய அறிவும் அறிவுதான், அதைச் சேர்க்கவும் உழைப்பு வேண்டும் என்று ஒரு கமர்ஷியல் காமெடி சொன்னது சாதாரண விஷயமில்லை.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. கிறிஸ் ராக் நடத்திச் சென்ற ‘குட் ஹேர்’ (2009) டாக்குமென்டரியில் திருமலை மொட்டைக் காட்சிகள் வரும். வேண்டுதலுக்கு இறக்கிய முடி ஏலத்தில் போய், கடல் தாண்டி, எக்ஸ்டென்ஷனாக வேறு தலைகளில் ஏறுகிறது. வெள்ளைக்காரியின் முதுகில் புரளும் பொன்முடி, தமிழ்நாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் மொட்டையடித்துக்கொண்ட யாருடையதாகவோ இருக்கலாம். இந்தக் கறுப்பை வெளுக்க உயர்ரகத் தயாரிப்பாளர்கள் அவசரப்படுவதில்லை. நாள்கணக்கில் ஊறவைத்து மெதுவாக நிறத்தை எடுக்கிறார்கள். தலையில் இல்லாத முடிக்கே இத்தனை பொறுமை.

தலையில் உள்ள முடிக்கும் அதே வழிதான். கறுப்பிலிருந்து பொன்னிறம் ஒரே நாளில் வேண்டாம், வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவையாகப் போகட்டும். 12 சதவிகித பெராக்சைடைவிட 6 சதவிகிதம் மெதுவானது, சாதுவானது. மண்டைச் சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் அங்கே கடைசியில்தான் பூசவேண்டும். அப்புறம் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுசாக வளர்ந்த வேருக்கு மட்டும் ப்ளீச். வெளுத்த முடியை மறுபடி வெளுப்பதுதான் ஹார்லோ செய்த காரியம். பாக்கெட் ‘ஹென்னா’ போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு பட்டால் சூடாகிப் புகைகூட வரும். எதற்கும் ஒரு இழையை வெட்டிச் சோதித்துப் பார்ப்பது உத்தமம். டோனரோ சாயமோ போடுமுன், 48 மணி நேரம் முன்னால் தோலில் ஒரு பொட்டு வைத்து அலர்ஜி பார்ப்பதும்.

பாட்டி வைத்தியத்துக்கும் இதில் இடமுண்டு. தலை அலசும்முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடியின் புரதம் குறைவாக வெளியேறுகிறது, வெளுத்த முடியிலும்கூட, என்று மும்பை ஆராய்ச்சியாளர்கள் 2003ல் எழுதினார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனிக்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் லாரிக் அமிலம் முடிக்குள் நுழைகிற அளவுக்குச் சின்ன சங்கிலி என்பது கெமிஸ்ட்ரி, விளம்பரம் அல்ல. 2014க்குப் பிறகு வந்த பிணைப்பு மருந்துகள் சேதத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால், கறுப்பை அப்படியே விட்டு நடுநடுவே சில கற்றைகளை மட்டும் வெளுக்கலாம். வேர் வளர்ந்தாலும் உறுத்தாது.

‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை பத்து வருஷத்துக்கொருமுறை விமர்சகர்களிடம் ஓட்டெடுத்து உலகின் தலைசிறந்த படம் எது என்று அறிவிக்கும். 2012ல் ‘வெர்ட்டிகோ’ முதலிடம். 2022ல் அதைக் கீழே தள்ளியது ஷான்டல் ஆக்கர்மனின் ‘ழான் டீல்மன்’ (1975). ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அவசரமே படாமல், மூணேகால் மணி நேரத்துக்கு மேல் காட்டுகிற படம்.

அதே பாணியில் யாராவது ஜூடியின் பார்லர் நேரத்தைப் படமெடுக்க வேண்டும். ஒரு நாற்காலி, தலை நிறைய அலுமினியம் ஃபாயில், நாலு மணி நேரம், ஒரு கட் கிடையாது. படம் நாலு நாள் நிற்காது. முடி நிற்கும்.