மூசா தீவின் கல்கோபுரம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து தீவுகளில் ஒன்று மூசா. இப்போது அங்கே யாரும் குடியில்லை. கடலோரத்தில் 13 மீட்டர் உயரக் கல்கோபுரம் ஒன்று சுமார் 2000 ஆண்டுகளாக நிற்கிறது. சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. தட்டைக் கல்மேல் தட்டைக் கல், அவ்வளவுதான்.

என்னை மயக்குவது அதன் சுவர். உண்மையில் அது இரண்டு சுவர்கள். குறுக்கே வைத்த பலகைக் கற்கள் இரண்டையும் பிணைக்கின்றன. நடு இடுக்கில் படிக்கட்டு சுற்றிச் சுற்றி உச்சிக்கு ஏறுகிறது. அடி அகன்று, மேலே போகப்போகக் குறுகும் குதிர் வடிவம். பாரத்தைக் குறைத்தே உயரத்தைக் கூட்டிய அந்தக் கொத்தர்களின் கைக்கணக்கை எவ்வளவு மெச்சினாலும் தகும்! பூச்சு இல்லாத அதே இடுக்குகளில்தான், கோடையில் சின்னஞ்சிறு கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. இருட்டிய பிறகே கடலிலிருந்து திரும்பும்.

கதைகளுக்கும் பஞ்சமில்லை. நார்வேயிலிருந்து ஓடிவந்த பியோர்னும் தோராவும் கப்பல் உடைந்து இங்கே ஒதுங்கினார்கள். இங்கேயே மணம் முடித்துக் குளிர்காலத்தைக் கழித்தார்கள் என்கிறது ஐஸ்லாந்தின் பழைய காதை ஒன்று. இன்னொன்றில், 1153-இல், ஆர்க்னி பிரபு ஹரால்டின் தாய் மார்கரெட்டை எர்லண்ட் என்பவன் கொண்டுவந்து இதற்குள் வைத்துக்கொள்கிறான். மகன் படையோடு வந்து முற்றுகையிட்டும் கோபுரம் அசையவில்லை. கடைசியில் ஹரால்ட் சமாதானம் பேசி, அவர்கள் இருவரின் கல்யாணத்துக்குச் சம்மதித்தான்.