குடையும் மௌனமும்: பெயர் மறந்த கொள்ளைப்படம் ஒன்று குறித்து

பெயர் மறந்துபோன திரைப்படமொன்றைத் தேடுதல், முதலேடு சிதைந்த சுவடியை அடையாளங் காணும் முயற்சியை ஒத்தது. எஞ்சியிருப்பனவற்றுள் எது சான்று, எது சான்றன்று எனப் பிரித்தறிதலே அதன் முதற்பணியாகும். அன்புவழிபுரத்து நண்பரொருவர் நெடுங்காலமாகத் தேடிவரும் கொள்ளைப்படத்தை முன்வைத்து இதனை நோக்கலாம். ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியபின், அயல்வீட்டுப் பெட்டியொன்றில், பெயரெழுத்துகள் ஓடி முடிந்த பிறகே சிறுவனாகிய அவர் அப்படத்தைக் கண்டார். அது கறுப்பு வெள்ளைப் படம், எவரும் பேசவில்லை, கள்வர் இறுதியில் அனைத்தையும் இழந்தனர், தளத்தில் இட்ட துளையினூடே குடையொன்று இறக்கப்பட்டது. அவர் நினைவில் நிற்பன இவையே.

இவற்றுள் முதலாவது படத்தைப் பற்றியதன்று, பெட்டியைப் பற்றியது. வண்ணப் படமும் அப்பெட்டியில் கறுப்பு வெள்ளையாகவே தோன்றியிருக்கும். மௌனமும் ஐயத்துக்குரியது. அந்நிய மொழி அறியாத சிறுவனின் நினைவில் எந்த உரையாடல்தான் தங்கும்? கள்வர் தோற்றனர் என்பதோ அறவே பயனற்றது. குற்றம் வெல்லலாகாது என்னும் தணிக்கை விதி 1968 வரை ஹொலிவூட்டில் நிலவியமையால், குப்ரிக்கின் 1956ஆம் ஆண்டுப் படத்தில் பணம் விமானத்தளத்திற் பறந்து போவது போல, ஏறத்தாழ எல்லாக் கொள்ளையும் பாழாயிற்று.

எஞ்சுவது குடை. அது நம்மை ஜூல்ஸ் டசின் பிரான்சில் எடுத்த 'றிஃபிஃபி' (1955) என்னும் படத்துக்கு இட்டுச் செல்கின்றது. இடதுசாரி என்ற காரணத்தால் ஹொலிவூட்டிலிருந்து ஒதுக்கப்பட்டுச் சில ஆண்டுகள் தொழிலின்றியிருந்த டசினுக்குக் கான் விழாவில் நெறியாளர் பரிசைப் பெற்றுத் தந்த படம் இது. நகைக்கடைக்கு மேலுள்ள வீட்டிலிருந்து தளத்தைத் துளைக்கும் கள்வர், மடித்த குடையைத் துளைவழி இறக்கிக் கீழே விரிக்கின்றனர். உதிரும் காரைக்கட்டிகள் ஓசையின்றி அதனுள் விழுகின்றன. எச்சரிக்கை மணியைத் தீயணைப்பு நுரையால் அடக்குகின்றனர். ஏறத்தாழ அரைமணிநேரம் உரையாடலும் இல்லை, இசையும் இல்லை. இசையமைப்பாளர் ஜோர்ஜ் ஓரிக் இக்காட்சிக்கென இசை எழுதியிருந்தும், இரு வடிவங்களையும் பார்த்தபின் இசையின்மையே தக்கதென அவரே உடன்பட்டார். ஆக, நாம் ஐயுற்ற மௌனமும் மெய்ச்சான்றாகிவிடுகின்றது.

சிலர் டசினின் 'தொப்காபி' (1964) என்பர். அங்கு கயிற்றில் இறங்குவது மனிதன், குடையன்று.

தமிழில் 'திருடா திருடா' (1993) ஆயிரங்கோடி ரூபாவைக் களவாடும் கதைதான். ஆயினும் அங்கே துரத்தலும் பாடலுமே முந்திநிற்கின்றன; களவின் செய்முறை மனத்திற் பதிவதில்லை. 'றிஃபிஃபி'யிலோ கைகளின் உழைப்பே கதை. அறம் பிழைத்த தொழிலாயினும், தச்சன் பணியைப் பார்ப்பது போல நாம் மூச்சடக்கிப் பார்க்கின்றோம். மொழியறியாச் சிறுவனுக்கும் அது விளங்கியமையில் வியப்பில்லை.

நண்பர் இதனை முழுதாக ஏற்கவில்லை. தாம் கண்ட படத்தில் இடைவிடாது மழை பெய்தது என்கின்றார். 'றிஃபிஃபி'யின் கொள்ளைக் காட்சியில் மழையொலி இல்லை. அந்த மழை படத்திற் பெய்ததா, மார்கழியில் அத்தகரக் கூரையின்மேற் பெய்ததா என்பதை அன்று உடனிருந்தோரே கூறவேண்டும். அவர்களுட் பலர் 1990இல் ஊரைவிட்டகன்று தமிழ்நாட்டு முகாம்களைச் சேர்ந்தனர். அயல்வீட்டுக்காரரின் மகன் கனடாவில் இருப்பதாக அறிந்து, நண்பர் அவருக்கு எழுதியிருக்கின்றார்.