ஆமாம் போடுகிறவர்

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் அவருடைய வள்ளல் தன்மையில்தான் தொடங்குவார்கள். கையிலிருந்ததை அள்ளிக் கொடுத்தார் என்பதற்குக் கதைகள் ஏராளம். எனக்கு அவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வேறொரு கொடை. சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞருக்கு அவர் தம் பக்கத்தில் கொடுத்த இடத்தைச் சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில், சத்திரம் புதுக்குளத்தில், 1928-இல் பிறந்தவர் சுப்பு ஆறுமுகம். பாட்டுக் கட்டத் தெரிந்த பிள்ளை. கலைவாணர் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து, தம் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுத வைத்தார். காந்தி கதையை அவர் வில்லுப்பாட்டாக எழுதிக் கொடுக்க, கலைவாணர் மேடையில் பாடினார். கலைவாணரோ தம் வேடிக்கையைத் தாமே இட்டுக்கட்டிக்கொள்ளத் தெரிந்தவர். பேர் தெரியாத ஒரு பையனின் வார்த்தையைத் தம் வாயில் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

அப்படியிருந்தும் ஏன் செய்தார்? வில்லுப்பாட்டிலேயே இதற்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். எங்கள் தம்மம்பட்டிப் பக்கத்தில் நாங்கள் அறிந்தது தெருக்கூத்து. கூத்திலே கட்டியக்காரன் ஒற்றை ஆளாக நின்று ராஜாவையே கேலி செய்துவிட்டுப் போவான். நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் வில்லடிக்கிறவருக்கு அது போதாது. வீசுகோலைத் தட்டி அவர் கதை சொல்லும்போது, பக்கத்தில் ஒருவர் ‘ஆமாம்’ போட வேண்டும். நடு நடுவே குறுக்குக் கேள்வியும் கேட்க வேண்டும். கேள்வி சரியாக விழுந்தால்தான் பதிலுக்குச் சிரிப்பு வரும். திரையில் டி. ஏ. மதுரம் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மதுரம் மடக்க மடக்கக் கலைவாணர் சுடர் விடுகிறார். குறுக்கே பேச ஆளில்லாத இடங்களில், ‘நல்லதம்பி’யின் (1949) மதுவிலக்கு உபதேசம் போன்றவற்றில், அவரும் பிரசங்கியாகிவிடுகிறார். சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் எனக்கு அங்கே சிரிப்பு வருவதில்லை.

1957 ஆகஸ்டில், ஐம்பது வயது நிறைவதற்குள், கலைவாணர் போய்விட்டார். சுப்பு ஆறுமுகம் பின்னர் நாகேஷுக்கு எழுதினார். நிதானமாகப் பேசியவருக்கு எழுதிப் பழகிய கை, தெறித்து ஓடுகிறவருக்கும் எழுதியது! நடிகனுக்கு மூச்சுவிட இடம் வைத்து எழுதும் பாடத்தைக் கலைவாணர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவரால்தான் இது முடியும். பிறகு பல்லாண்டுகள் தாமே வில்லின் முன் அமர்ந்து கதை சொன்னார். 2021-இல் பத்மஸ்ரீ வந்தது. 2022 அக்டோபரில் காலமானார்.

இன்று தொலைக்காட்சியில் பழைய படங்களின் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் கத்தரித்துப் போடுகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் நாகேஷைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர் வரும் பகுதியைத்தான் முதலிலேயே வெட்டிவிடுகிறார்களே!