நான்கு ஜோடி சேர்ந்தால்தான் ஆட்டம்

ஆப்பிரிக்கத் தாளமும் போர்த்துக்கேயப் பாட்டும் கலந்த கஃப்ரிஞ்ஞாவையும், அதன் வழிவந்த பைலாவையும் கொழும்பு நன்றாகவே அறியும். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக்கு வந்த லான்சர்ஸ் ஆட்டத்தின் பூர்வீகத்தைப் பேசுவோர் குறைவு.

அதன் வேர் ஆங்கில நாட்டார் நடனத்தில் இருக்கிறது. 1651ஆம் ஆண்டு தேதியிட்டு ஜோன் பிளேஃபோர்ட் லண்டனில் வெளியிட்ட ‘தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்’ 105 நடனங்களின் மெட்டையும் அசைவையும் பதிவு செய்தது. ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையில் நிற்கும் நீள்வரிசையே இம்மரபின் புகழ்பெற்ற வடிவம். எத்தனை ஜோடியும் சேரலாம். ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறி, அடுத்த ஜோடியோடு ஆட வேண்டும்.

இந்த ஆட்டம் பிரான்சுக்குப் போய்ச் சதுர வடிவில் வளர்ந்தது. நாற்புறமும் நான்கு ஜோடி நின்றாடும் குவாட்ரில் 1815 அளவில் லண்டன் மேட்டுக்குடி மண்டபங்களை அடைந்தது. அதன் கிளையான லான்சர்ஸ் ஐந்து பகுதிகள் கொண்டது. பின்னல் கோலாட்டத்தைப் போல, ஒருவர் தவறினால் எல்லோருக்கும் சிக்கல்.

நீள்வரிசை, சதுரம் ஆகியவற்றை அடுத்து மூன்றாவது, பழைய ஆட்டங்களை மீட்கும் மரபு. 1911இல் செசில் ஷார்ப் ஆங்கில நாட்டார் நடனச் சங்கத்தை நிறுவினார். துல்லியம், பயிற்சி, தேர்வு என்பவை அவருடைய அளவுகோல்கள். லண்டனின் உழைக்கும் பெண்களுக்கு ஆடக் கற்பித்த மேரி நீல், மகிழ்ச்சியும் உயிர்ப்புமே முதன்மை என்றார். மொரிஸ் என்ற ஆங்கில நாட்டார் நடனத்தை முன்னிட்டு இருவருக்கும் இடையே மூண்ட தர்க்கம் பிரசித்தம்.

இலங்கையில் லான்சர்ஸைக் காத்தவர்கள் மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பறங்கியர். அவர்களின் கல்யாண வீடுகளில் வயலின் இசைக்கக் கஃப்ரிஞ்ஞாவும் லான்சர்ஸும் ஆடப்பட்டன. பிளேஃபோர்டின் அச்சுநூல் இருந்தும், பழைய ஆட்டங்களை மீட்க இங்கிலாந்துக்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது. இங்கே அந்த வேலையைக் கல்யாண வீடே பார்த்துக்கொண்டது.

ஆகவே, இம்மரபின் தரத்தைத் தனியொருவரின் கால்வேகத்தில் தேடுவது பிழை. பக்கத்து ஜோடிக்கு நேரத்தில் இடம்விட்டு, கொடுத்த கையைப் பிசகாமல் பிடித்து, சதுரம் குலையாமல் முடிப்பதே தேர்ச்சி. இதைக் காக்க விரும்புவோர் கலைவிழாவில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதாது. கல்யாண மண்டபத்தில் நான்கு ஜோடி நின்றாட இடம் விட வேண்டும். அதில் ஒரு ஜோடியாவது இளையவர்களாக இருக்க வேண்டும்.